பாக்கெட் போனதுக்கு அப்புறம் கட்டுரைகளை எங்க எடுத்து வெக்கிறது? எல்லாத்தையும் யூஸ் பண்ணிப் பாத்துட்டு எழுதுறேன்

நெட்ல பாக்குற கட்டுரைகளை அப்புறம் படிக்க எடுத்து வெக்கிற பாக்கெட் ஆப்பை வருஷக்கணக்கா வெச்சிருந்தவன் நான். தூங்கப் போறதுக்கு முன்னாடி ஒரு கட்டுரை, எங்கயாவது காத்துக்கிட்டு உக்காந்திருந்தா ஒரு கட்டுரைன்னு அப்படியே பழகிப்போச்சு. 2007-ல ரீட் இட் லேட்டர்ங்கிற பேர்ல ஃபயர்ஃபாக்ஸ் எக்ஸ்டென்ஷனா ஆரம்பிச்சது அது, 2012-ல பாக்கெட்னு பேர் மாத்தினாங்க, 2017-ல ஃபயர்ஃபாக்ஸ் பண்ற மொஸில்லாவே வாங்கிக்கிச்சு, சரி இனிமே இதுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நம்பிட்டேன். 2025 மே மாசம் மூடப்போறோம்னு அறிவிப்பு வந்துச்சு, ஜூலை 8-ஓட நின்னுபோச்சு, அதுக்கப்புறம் கொஞ்ச நாளைக்கு எக்ஸ்போர்ட் மட்டும் பண்ணிக்கலாம்னு விட்டாங்க.

எக்ஸ்போர்ட் பண்ணினேன். ஒரு ஜிப் வந்துச்சு, உள்ள ஒரு சிஎஸ்வி ஃபைல், அதாவது அட்டவணையை வெறும் எழுத்தா வெச்ச ஃபைல். திறந்து பாத்தா தலைப்பு, லிங்க், சேத்த நேரம், டேக், படிச்சாச்சா இல்லையா, அவ்வளவுதான். சேத்த நேரம்கூட தேதியா இல்ல, 1970 ஜனவரி 1-லேந்து எண்ணின செகண்ட் கணக்குல பத்து இலக்க நம்பரா இருந்துச்சு, அதை தேதியா மாத்தினாதான் எந்த வருஷம் எடுத்து வெச்சதுன்னே தெரியும். கட்டுரையோட ஒரு வரிகூட அதுல கிடையாது. ஆப்புல திறக்கும்போது எழுத்தெல்லாம் அழகா வந்துக்கிட்டிருந்ததால அது நம்மகிட்டயே இருக்குன்னு நெனச்சுட்டேன், ஆனா கிளம்பும்போது கையில கிடைச்சது வெறும் முகவரிப் பட்டியல்.

ரொம்ப பழசுலேந்து ஒவ்வொண்ணா கிளிக் பண்ண ஆரம்பிச்சேன். மொதல் லிங்க் 404, அதாவது அந்தப் பக்கமே இல்ல. ரெண்டாவது அந்த தளத்தோட முகப்புக்கு கொண்டுபோய் விட்டுச்சு. மூணாவது டொமைன் கை மாறி அங்க வேற என்னமோ வித்துக்கிட்டிருக்காங்க. நாலாவதா ஒண்ணு இருந்துச்சு, மணிக்கூண்டு கடிகாரம் ரிப்பேர் பண்ற ஒருத்தர் தன்னோட சொந்த தளத்துல எழுதினது, தேஞ்சுபோன ஒரு பல்சக்கரத்தை எப்படி அளந்து புதுசா வெட்டினார்னு படம் படமா போட்டு ரெண்டு பாகமா எழுதியிருந்தார், நான் அதை மூணு தடவையாவது படிச்சிருப்பேன். சர்வரே கிடைக்கலன்னு வந்துச்சு. எனக்கு நெஜமாவே வயித்தப் பெசஞ்சுது. அமெரிக்காவுல இருக்குற பியூ ரிசர்ச் சென்டர்ங்கிற ஆய்வு நிறுவனம் 2024-ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, 2013-ல இருந்த வலைப்பக்கங்கள்ல 38 சதவீதம் பத்து வருஷம் கழிச்சு திறக்கவே முடியலன்னு. அதைப் படிச்சப்போ ஒரு நம்பராத்தான் தெரிஞ்சுது, அந்த சிஎஸ்வியில இறங்கிப் போனப்போதான் அது என்னன்னு உறைச்சுது.

அதனால புதுசா ஒண்ணு தேடும்போது டிசைன் எப்படி, ஃபான்ட் எப்படின்னு மொதல்ல பாக்கல. நாளைக்கு இந்தக் கடைய மூடினா என் கையில என்ன மிஞ்சும், லிங்கா எழுத்தா, அதை மட்டும் வெச்சுத்தான் எல்லாத்தையும் பாத்தேன். சோதனைக்கு ஒரே அஞ்சு பக்கத்தை எல்லா ஆப்புலயும் போட்டேன்: லாகின் பண்ணினா மட்டும் முழுசா தெரியுற ஒண்ணு, அட்டவணையும் அடிக்குறிப்பும் நெறைய இருக்குற நீளக் கட்டுரை ஒண்ணு, கீழ இறங்க இறங்க படம் லோட் ஆகுற ஒண்ணு, மூணு பக்கமா பிரிச்சுப் போட்ட ஒண்ணு, பழைய தமிழ்ப் பதிவு ஒண்ணு.

ஆப்புகளுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லிடறேன், இது தெரிஞ்சா பாதி குழப்பம் போயிடும். பக்கத்துல இருக்குற விளம்பரம், மெனு எல்லாத்தையும் தள்ளிட்டு கட்டுரைய மட்டும் எடுக்குறது எப்படின்னா, ரீடபிலிட்டின்னு ஒரு பழைய நிரல் இருக்கு, ஃபயர்ஃபாக்ஸோட ரீடர் வியூவும் அதுலேந்து வந்ததுதான், அது ஒவ்வொரு பத்தியையும் எடுத்து மார்க் போடும். 25 எழுத்துக்குக் கீழ இருந்தா கணக்குலயே சேக்காது, ஒவ்வொரு கமாவுக்கும் ஒரு மார்க், நீளத்துக்கு மார்க், லிங்க் ஜாஸ்தியா இருந்தா மார்க் குறையும், கமென்ட் சைட்பார் மாதிரி பேர் வெச்ச பெட்டியா இருந்தா இன்னும் குறையும். எந்தப் பெட்டிக்கு மார்க் ஜாஸ்தியோ அதுதான் கட்டுரைன்னு முடிவு பண்ணும். அதனாலதான் குட்டிக் குட்டி வரியா எழுதின கவிதையோ கேள்வி பதிலோ சேமிச்சா சில நேரம் பாதி காணாம போகுது, அட்டவணை சிதறுது. ஆப்பு மோசம்னு திட்டுறதுக்கு முன்னாடி அந்தப் பக்கம் எப்படி எழுதப்பட்டிருக்குன்னும் பாக்கணும்.

இன்னொண்ணு, லிங்கை ஃபோன்லேந்து ஷேர் பண்ணும்போது நெறைய சேவைகள்ல அவங்க சர்வர்தான் போய் அந்தப் பக்கத்தை எடுத்துட்டு வரும். நீங்க லாகின் பண்ணியிருக்கீங்கன்னு அந்த சர்வருக்குத் தெரியாது. அதனால சந்தா கட்டிப் படிக்கிற கட்டுரையா இருந்தா ரெண்டு பத்தியும் "மேலும் படிக்க சந்தா செலுத்தவும்"ங்கிற வரியும்தான் சேமிப்புல இருக்கும், அது பல மாசம் கழிச்சு திறக்கும்போதுதான் தெரியும். கம்ப்யூட்டர்ல பிரவுசர் எக்ஸ்டென்ஷன் வழியா சேமிச்சா, பல ஆப்புகள்ல, உங்க கண்ணுக்கு என்ன தெரியுதோ அதையே எடுத்து அனுப்பும். முக்கியமான கட்டுரைன்னா எக்ஸ்டென்ஷன் வழியாவே சேமிங்க, சேமிச்சதும் கடைசிப் பத்தி வரைக்கும் வந்திருக்கான்னு ஒரு தடவை திறந்து பாத்துருங்க.

இன்ஸ்டாபேப்பரை மொதல்ல எடுத்துக்கிட்டேன். பாக்கெட்டை விட்டு வந்தவங்களுக்கு வீடு மாறின மாதிரியே தெரியாது, அவ்வளவு நெருக்கமா இருக்கு. 2008-ல மார்கோ ஆர்மென்ட் ஆரம்பிச்சது, 2013-ல பீட்டாவொர்க்ஸ் கைக்குப் போச்சு, 2016-ல பின்ட்ரெஸ்ட் வாங்கிச்சு, 2018-ல மறுபடி தனியா வந்துச்சு. இத்தனை கை மாறியும் உயிரோட இருக்குறதே பெரிய விஷயம். படிக்கிற அனுபவம் இன்னிக்கும் இதுலதான் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, பக்கத்துல ஒரு பொத்தான்கூட கண்ணை இழுக்காது, எழுத்துக்கும் ஓரத்துக்கும் நடுவுல விட்டிருக்குற இடம் அளவா இருக்கு, விட்ட இடத்துலேந்து சரியா திறக்கும். கோபோ ஈ-ரீடர்ல முன்னாடி பாக்கெட் இருந்த இடத்துல 2025-லேந்து இதுதான் வருது, கோபோ வெச்சிருக்கவங்க வேற எதையும் தேட வேண்டியதில்ல. சேமிக்கிறதுக்கு இலவசமே போதும், ஆனா கட்டுரைக்குள்ள தேடுறதுக்குக் காசு கட்டணும், எனக்கு அது பெரிய குறை, ஏன்னா எடுத்து வெக்கிறதே பின்னாடி தேடி எடுக்கத்தானே. படிச்சு முடிச்சு அனுப்பிடற ஆளா இருந்தா யோசிக்காம இதை எடுத்துக்கலாம். சேத்து வெக்கிற ஆளுக்கு இது மட்டும் போதாது.

ரீட்வைஸ் ரீடர் முழுக்க வேற ரகம். 2022 டிசம்பர்ல எல்லாருக்கும் திறந்து விட்டாங்க. கட்டுரை, பிடிஎஃப், எபப்ங்கிற மின்புத்தக ஃபைல், நியூஸ்லெட்டர், தளங்கள்ல புதுசா வர்றதை தானா கொண்டுவர்ற ஆர்எஸ்எஸ், யூட்யூப் வீடியோவோட எழுத்து வடிவம்னு எல்லாம் ஒரே இடத்துல வரும். மவுஸைத் தொடாம கீபோர்டுலயே முழு கட்டுரையும் படிச்சு ஹைலைட் பண்ணி டேக் போட்டு முடிச்சுடலாம், ஹைலைட் பண்ணினது தானா ஒப்சிடியன், நோஷன் மாதிரி குறிப்பு எழுதுற ஆப்புக்குப் போயிடும். ஆராய்ச்சி பண்றவங்க, எழுதுறவங்க, குறிப்பு எடுத்துக்கிட்டே படிக்கிறவங்க இவங்களுக்கு இதைவிட நல்லது நான் பாக்கல. சோதனை காலம் முடிஞ்சா காசு கட்டியே ஆகணும், இலவசம்னு ஒரு வழியே கிடையாது. ஆனா ராத்திரி சும்மா ஒரு கட்டுரை படிக்கலாம்னு திறக்கும்போது எனக்கு ஏதோ ஆபீஸ் வேலையைத் திறந்த மாதிரி இருந்துச்சு, இன்பாக்ஸ், 'அப்புறம்', ஆர்க்கைவ்னு தட்டு தட்டா அடுக்கச் சொல்லுது. எனக்கு ஒத்து வரல, ஆனா அது என் பழக்கம், கருவி நல்ல கருவி.

ரெயின்டிராப்பை நெறைய பேர் பாக்கெட்டுக்கு பதிலா வெச்சுக்கலாம்னு சொல்றாங்க. அது புக்மார்க் அடுக்குற அலமாரி, ரொம்ப அழகான அலமாரி, ஆனா உக்காந்து படிக்கிற நாற்காலி இல்ல. பக்கத்தோட நிரந்தர நகல் எடுக்குறது காசு கட்டுறவங்களுக்குத்தான், இலவசத்துல இருக்குறது லிங்க்தான். ஆப்பிள் சாதனம் மட்டும் வெச்சிருக்கவங்களுக்கு குட்லிங்க்ஸ்னு ஒண்ணு இருக்கு, தனியா அக்கவுன்ட் எதுவும் வேணாம், எல்லாம் ஐகிளவுட்லயே இருக்கும், சுத்தமான வேலை.

பிரவுசருக்குள்ளயே இருக்குற ரீடிங் லிஸ்ட் ஒரு நாள் ரெண்டு நாளுக்குத்தான் சரி. சஃபாரில ஆஃப்லைன்ல சேமிக்கிற செட்டிங் இருக்கு, அதை ஆன் பண்ணினா நெட் இல்லாத இடத்துலயும் திறக்கும். டேக், ஹைலைட், தேடல்னு வேற எதுவும் பெருசா எதிர்பாக்காதீங்க. வாட்ஸப்புல தனக்குத் தானே லிங்க் அனுப்பிக்கிற பழக்கம் நம்மள்ல நெறைய பேருக்கு இருக்கு, எனக்கும் இருந்துச்சு, ஒரு மாசம் கழிச்சு அதுல தேடிப் பாருங்க, ஓடிபி, ஃபோட்டோ, பில்லு எல்லாத்துக்கும் அடியில அந்த லிங்க் எங்கயோ பொதஞ்சு கிடக்கும்.

இப்போ நம்ம சர்வர்ல, அதாவது எப்பவும் ஓடிக்கிட்டிருக்குற நம்ம சொந்தக் கம்ப்யூட்டர்ல, நாமளே வெச்சுக்கிறது. இதை சொல்றதுக்கு முன்னாடி ஆம்னிவோர் கதைய சொல்லணும். அதுவும் கட்டுரை சேமிக்கிற ஆப்புதான், ஓப்பன் சோர்ஸ், இலவசம், படிக்க அருமை, பாக்கெட்டை விட்டு அங்க போனவங்க ஏராளம். 2024 அக்டோபர் கடைசில அந்த டீம் லெவன்லேப்ஸ்ங்கிற ஏஐ குரல் கம்பெனி கூட சேருதுன்னு சொன்னாங்க, நவம்பர்ல சேவைய மூடிட்டாங்க. நிரல் இன்னும் கிட்ஹப்ங்கிற நிரல் பகிர்ற தளத்துல இருக்கு, யாரு வேணாலும் எடுத்து ஓட்டலாம், ஆனா அவங்க சர்வர்ல வெச்சிருந்தவங்க எல்லாரும் சில வாரத்துக்குள்ள எடுத்துட்டு ஓட வேண்டியிருந்துச்சு. ஓப்பன் சோர்ஸ்ங்கிற வார்த்தைய மட்டும் பாத்து நிம்மதியா இருந்துட முடியாது, டேட்டா யாரு டிஸ்க்குல இருக்குங்கிறதுதான் கேள்வி.

வாலபேக் இதுல மூத்தது. 2013-லேந்து இருக்கு, ஆரம்பத்துல பேரு போஷ். ஆண்ட்ராய்டு ஆப்பு, ஐஃபோன் ஆப்பு, ஈ-ரீடர்ல போட்டுக்கிற கோரீடர்ங்கிற படிக்கிற ஆப்புக்கு ஒரு பிளகின், எபப், பிடிஎஃப், ஜேசன்னு எந்த வடிவத்துல வேணாலும் வெளிய எடுக்கலாம். சர்வர் வெக்கத் தெரியாதவங்களுக்கு அவங்களே காசு வாங்கிக்கிட்டு வெச்சுக் கொடுக்குறாங்க. ஒவ்வொரு தளத்துக்கும் எந்தப் பகுதி கட்டுரைன்னு தனித்தனியா எழுதி வெச்ச குறிப்பு ஃபைல்கள் அதுக்குள்ள இருக்கு, அதனால பெரிய தளங்கள்ல ரொம்ப சுத்தமா எடுக்குது, அப்படி குறிப்பு எதுவும் இல்லாத சின்னத் தளங்கள்ல கொஞ்சம் தடுமாறுது. முக்கியமா ஒண்ணு கவனிங்க, படங்களை லோக்கலா டவுன்லோட் பண்ற செட்டிங் இயல்பா ஆஃப்ல இருக்கும். அதை நீங்களே தேடி ஆன் பண்ணலேன்னா எழுத்து உங்ககிட்ட, படம் அவங்ககிட்ட, அந்தத் தளம் போனா படம் எல்லாம் காலிக் கட்டம்.

கராகீப், முன்னாடி ஹோர்டர்னு இருந்துச்சு, இது லிங்க், குறிப்பு, படம் எல்லாம் ஒண்ணா குவிக்கிறதுக்கு. நீங்க டேக் போடவே வேணாம், ஏஐ மாடல் படிச்சுப் பாத்து அதுவே போடும், வேணும்னா ஒல்லாமாங்கிற சாஃப்ட்வேர் வழியா அந்த மாடலை உங்க மெஷின்லயே ஓட்டலாம். டேக் பெரும்பாலும் பொருத்தமாத்தான் வந்துச்சு. ஆனா கூடவே தேடலுக்கு ஒரு கன்டெய்னர், குரோமுக்கு ஒரு கன்டெய்னர்னு தனித்தனியா ஓடுற சாஃப்ட்வேர் பொட்டலங்களை இழுத்துட்டு வருது, சின்ன மெஷின்ல வெச்சா மூச்சு வாங்கும். லிங்க்வார்டன் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஸ்கிரீன்ஷாட், பிடிஎஃப், ஒரே எச்டிஎம்எல் ஃபைல்னு எடுத்து வெக்குது, ஆவணமா பாதுகாக்கணும்னா நல்லது, கூட்டா நாலு பேர் சேந்து சேகரிக்கவும் வசதி.

நான் நின்னது ரீடெக்ல. அதிகம் பேர் பேசி நான் பாக்கல, அதனால கொஞ்சம் விரிவா சொல்றேன். ஒரே ஒரு ஃபைல்தான் அந்த சாஃப்ட்வேர், இறக்கி ஓட்டினா வேலை முடிஞ்சுது, ரொம்ப சின்ன கம்ப்யூட்டர்லயும் சத்தமில்லாம ஓடுது. நீங்க ஒரு கட்டுரைய சேமிச்சதும் அதோட எழுத்து, படம் எல்லாத்தையும் சேத்து ஒரு ஜிப் ஃபைலா டிஸ்க்குல எழுதி வெக்குது, கட்டுரைக்கு ஒரு ஜிப். நான் ஃபோல்டருக்குள்ள போய் ஒண்ணை எடுத்து விரிச்சுப் பாத்தேன், உள்ள ஒரு எச்டிஎம்எல், அது பக்கத்துலயே படங்கள். ரீடெக்கே நாளைக்கு இல்லாம போனாலும் அந்த ஃபைலைத் திறக்க ஜிப்பைப் பிரிக்கத் தெரிஞ்சா போதும். பாக்கெட் சிஎஸ்வியை நேரா வாங்கிக்குது. எக்ஸ்டென்ஷன் வழியா சேமிச்சா நாம பாக்குற பக்கத்தையே அனுப்புது, லாகின் கட்டுரை கடைசி வரி வரைக்கும் வந்துச்சு. வேணும்கிற கட்டுரைகளை ஒரு தொகுப்பா சேத்து எபப்பா எடுக்கலாம், அதுக்கு மேல ஓபிடிஎஸ், அதாவது ஈ-ரீடர் நெட் வழியா புத்தகப் பட்டியலைப் பாத்து இறக்கிக்கிற வசதி, இருக்கறதால ஈ-ரீடர்ல கோரீடர் போட்டிருந்தா அங்கேந்தே இழுத்துக்கலாம், கேபிள் எடுக்க வேண்டிய வேலையே இல்ல. நான் வாரத்துக்கு ஒரு தடவை பத்து பன்னெண்டு கட்டுரைய ஒரு எபப்பா கட்டி ஈ-ரீடர்ல போட்டுடறேன், அதுக்கப்புறம் ஃபோனே வேணாம், ஒரு புத்தகம் மாதிரி ஒண்ணு முடிஞ்சா அடுத்தது. இப்படிப் படிக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம்தான் எடுத்து வெச்சதெல்லாம் நெஜமாவே படிச்சு முடியுது.

குறைன்னா, மூணு பக்கமா பிரிச்ச கட்டுரைல மொத பக்கத்தோட நிறுத்திடுச்சு, அடிக்குறிப்பு எண்ணை அழுத்தினா போக வேண்டிய இடத்துக்குப் போகல. பேக்கப் நம்ம பொறுப்பு, அதை மறந்துட்டா வெளி சேவைய விட இதுதான் ஆபத்து. நான் ராத்திரி ஒரு தடவை முழு ஃபோல்டரையும் வேற டிஸ்க்குக்கு காப்பி ஆகுற மாதிரி வெச்சிருக்கேன்.

தமிழ்ல படிக்கிறவங்களுக்கு தனியா ஒண்ணு. பல ஆப்புகள்ல தேடல் நீங்க அடிச்ச சொல்லை அப்படியேதான் தேடும். "மரம்"னு அடிச்சா "மரத்தோட", "மரங்கள்" வராது, "மர"ன்னு அடிச்சு முன்பகுதிய வெச்சுத் தேட விடுற ஆப்பா இருந்தா தப்பிச்சீங்க. யூனிகோடுக்கு முந்தின காலத்து டிஸ்கி மாதிரி எழுத்துருவுல இருக்குற பழைய பக்கத்தை சேமிச்சா புள்ளியும் கொம்பும் கலந்த குப்பையாத்தான் வரும், எந்த ஆப்பும் அதை சரி பண்ணித் தராது, மொதல்ல யூனிகோடுக்கு மாத்திட்டு சேமிங்க. அதனாலதான் தமிழ்க் கட்டுரைகளுக்கு நான் கையால டேக் போடறதை விடவே இல்ல. அந்த டேக்கோட அருமை தெரிஞ்சது எப்போன்னா, நடுவுல ஒரு சேவைல இம்போர்ட் பண்ணிப் பாத்தேன், பேர் வேணாம், கட்டுரை எல்லாம் வந்துச்சு, டேக் ஒண்ணுகூட வரல. சிஎஸ்வியை பத்திரமா வெச்சிருந்ததால பொழச்சேன். எங்க மாறினாலும் அந்த ஒரிஜினல் ஃபைலை அழிக்காதீங்க.

சர்வரெல்லாம் முடியாது, ஆனா கட்டுரை கையில இருக்கணும்னு கேக்குறவங்களுக்கு சிங்கிள்ஃபைல் எக்ஸ்டென்ஷன். ஒரு கிளிக், முழு பக்கமும் படம், எழுத்துரு, அமைப்பு உட்பட ஒரே எச்டிஎம்எல் ஃபைலா உங்க கம்ப்யூட்டர்ல இறங்கும், எந்த பிரவுசர்லயும் திறக்கும், அக்கவுன்ட் கிடையாது, கட்டணம் கிடையாது. என் அஞ்சு சோதனைல அட்டவணை சிதறாம வந்தது இதுல மட்டும்தான், ஏன்னா இது கட்டுரைய பிரிச்செடுக்கவே முயற்சி பண்றதில்ல, இருக்குறதை இருக்குறபடி எடுக்குது. கீழ லோட் ஆகுற படங்களையும் அதுவே வரவெச்சு எடுத்துச்சு. ஒப்சிடியன் வெச்சிருக்கவங்களுக்கு அதோட வெப் கிளிப்பர் இருக்கு, மார்க்டவுன்ங்கிற வெறும் எழுத்து ஃபைலா சுத்தமா எடுக்கும், தேடல் பிரமாதம், ஆனா அங்கயும் படம் இயல்பா லிங்காத்தான் நிக்கும்.

கடைசியா பழைய வலைப்பக்கங்களோட நகலை வெச்சிருக்குற வேபேக் மெஷின். இன்டர்நெட் ஆர்க்கைவ் 1996-லேந்து பக்கங்களை சேகரிச்சுக்கிட்டு வருது, 2001-ல அதை எல்லாருக்கும் திறந்து விட்டுச்சு. ஒரு லிங்கை கொடுத்து இப்பவே சேமின்னு நாமளே சொல்லலாம், நமக்கு மட்டுமில்ல, பின்னாடி தேடி வர்ற யாருக்கும் உதவும். ஆனா லாகின் பக்கம் அதுக்குத் தெரியாது, 2024 அக்டோபர்ல தாக்குதல் நடந்து சில நாள் தளமே கிடைக்காம இருந்துச்சு, அதனால அதை மட்டும் நம்பி இருக்காம நம்ம நகலும் ஒண்ணு இருக்கட்டும்.

மணிக்கூண்டு கட்டுரைய அங்கதான் தேடினேன். மொத பாகம் முழுசா இருந்துச்சு, ரெண்டாவது பாகத்துல ஒன்பது படத்துல ஆறுதான் திறந்துச்சு. தேஞ்ச பல்லையும் புதுப் பல்லையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு எடுத்த அந்தப் படம் தப்பிச்சிருந்துச்சு. ரெண்டையும் சிங்கிள்ஃபைல்ல இறக்கினேன், ரீடெக்லயும் போட்டேன், "கடிகாரம்"னு டேக் போட்டேன், நேத்து ராத்திரி ஈ-ரீடர்ல நாலாவது தடவையா படிச்சேன்.